வளையல் நுழையும் அளவு

பிள்ளைப்பாக்கம்
6-10-1985

அன்பான அக்காவுக்கு, தங்கச்சி மரகதம் எழுதறது. இங்க நானு, வூட்டுக்காரரு, மாமியா எல்லாரும் சொகம். ஆடு கூட சொகம். அங்க நீயும் மாமாவும் எப்படி கீறீங்க? எஸ்டேட்டுல மழையில நனைஞ்சு சளி புட்ச்சிகிச்சுனு போன கடுதாசில எழுதியிருந்தியே, போச்சா?

அக்கா, ஒரு சேதி. சிரிக்காத. நான் வேலைக்குப் போறேன். இன்னா வேலைனு கேளு. அடுப்பு கட்ற வேலை!

ஸ்ரீபெரும்புதூர் பிளாக் ஆபீசுல புகையில்லா அடுப்புனு ஒண்ணு வந்து கீது. ஊருக்கு ஒரு பொம்பளைய எடுத்து கத்துக்குடுக்கறாங்க. எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கணும், மண்ணுல கை வெக்கவும் கூச்சப்படக் கூடாது. நம்மூர்ல ரெண்டும் சேர்ந்தவ நான் ஒருத்திதான்னு கிராம சேவிகா அம்மா வந்து கையோட கூட்டிகினு போச்சு. பேரு குமுதவல்லி. பெருமாள் கோயில் தெருவுல அய்யங்காரு வூட்டுப் பொண்ணு. நாற்காலியில குந்திகினு பேசும்னு பாத்தா, பொடவைய இஸ்து சொருவிகினு எங்களோட சேர்ந்து களிமண்ணு மிதிக்குது!

அடுப்பு பாக்க சாதாவாத்தான் கீது. முன்னாடி விறகு வெக்க ஒரே வாயி. மொதப் பானைக்குக் கீழ எரியுற அனல் வீணா போவாம, உள்ளுக்குள்ள ஒரு தொளை வழியா ரெண்டாவது பானைக்குப் போவும். அங்கேர்ந்து இன்னொரு தொளை. அதுல குழாயி. குழாயி கூரைக்கு மேல. புகை மொத்தமும் வெளியில! சோறு கொதிக்கறப்பவே பக்கத்துல கொழம்பும் கொதிக்குது. விறகு பாதிதான் ஆவுது. அன்னிக்கி மத்தியானம் அந்த அடுப்புலதான் எல்லாருக்கும் சமைச்சோம். ஒருத்திக்கும் கண்ணு கலங்கல. எனக்கு இன்னமோ ஆட்டம் போடலாம் போல இருந்துச்சு.

வூட்ல வந்து சொன்னேன். மாமியா மூஞ்சிய சுளிச்சுகினு, "அடுப்புக்கு எதுக்குடி சிம்னி, நாம இன்னா ரைஸ்மில்லா நடத்தறோம்"னு கேக்குது. வூட்டுக்காரரு அன்னிலேர்ந்து "கொத்தனாரம்மா, தண்ணி குடு, கொத்தனாரம்மா, சோறு போடு"னு ஒரே நக்கலு. போவட்டும். மொதல்ல நம்மூர்ல இருபது வூட்டுக்குக் கட்டணும். சரியா செஞ்சா, பக்கத்து ஊருங்களுக்கும் என்னையே போடுவாங்களாம். கல்யாணமாயி இத்தினி வருஷத்துல மொத மொதலா என் கையில ஒரு வேலை கீதுக்கா.

பதில் போடு. போடலனா நானே வந்து நிப்பேன்.

உன் மரகதம்

---

வால்பாறை
20-10-1985

அன்புள்ள தங்கச்சி மரகதத்துக்கு பாஞ்சாலி எழுதறது. நாங்க நல்லா கீறோம். நீங்களும் உங்க ஆடும் அப்படியே இருக்கணும்.

கொத்தனாரம்மாவாமே! சின்ன வயசுல மண்ணு தின்னு என்கிட்ட அடி வாங்கின புள்ளைக்கு மண்ணுலயே வேலை குடுத்துகீறாங்க. நல்லா மனசறிஞ்சு குடுத்துகீறாங்க. உங்க மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, அப்பால பக்கத்து லைன் வூடு வரைக்கும் போயி, "எங்க மச்சினிச்சி கவர்மெண்டு வேலையில கீறா"னு சொல்லிட்டு வந்தாரு. உனக்கு வெறும் அடுப்பு, அவருக்கு அது கலெக்டர் ஆபீசு.

சளி போச்சு. கொஞ்சம் இருமல் ஒண்டி கீது. பனி ஒத்துக்கல, வேற ஒண்ணுமில்ல. இங்க மழை உடவே இல்ல. விறகு ஈரம். குளிருக்கு ஜன்னல தொறக்க முடியாது. லைன் வூடுனா உனக்குத் தெரியுமே, ஒரே ரூம்பு, அதுலயே அடுப்பு, அதுலயே படுக்கை. நான் இப்ப வாசப்படிகிட்ட ஒரு முக்காலி போட்டு குந்திகினு சமைக்கிறேன். ரோட்ல போறவங்கள வேடிக்கை பாத்துகினே சமைக்கலாம், சினிமா மாதிரி. தண்ணிக்கு இப்பல்லாம் உங்க மாமாதான் போறாரு. ஆம்பளைக்கும் கொஞ்சம் ஒடம்பு வளையட்டுமே.

ஆமா, அந்தக் குழாய கூரை வழியாத்தான் உடணுமா? சொவத்துல தொளை போட்டு உடலாமா? சொம்மாத்தான் கேக்குறேன்.

மாமியாகிட்ட சண்டை போடாத. மெதுவா பேசு.

அக்கா பாஞ்சாலி

---

பிள்ளைப்பாக்கம்
24-11-1985

அக்காவுக்கு மரகதத்தோட அன்பு. இங்க எல்லாரும் க்ஷேமம். தீவாளிக்கு நீ அனுப்பின டீத்தூளு நல்லா மணமா இருந்துச்சு. ஒடம்ப பாத்துக்கோ.

இருபது அடுப்பும் கட்டியாச்சுக்கா! மொதல்ல ஒருத்தியும் கதவத் தொறக்கல. சரினு எங்க வூட்லயே மொத அடுப்ப கட்டினேன். மாமியா மூணு நாளு பேசல. நாலாவது நாளு நான் இல்லாத நேரம் பாத்து அதுல கேழ்வரகுக் களி கிண்டியிருக்குது. நான் வந்தவுடனே, "விறகு சுமாராத்தான் ஆவுது"னு கூரையப் பாத்துகினே சொல்லிச்சு. எங்க மாமியா முனியம்மா வாயிலேர்ந்து இதுக்கு மேல பாராட்டு வராது. அப்பால அதுவே தெருவுல நின்னுகினு, "எம் மருமவ கட்டினது"னு பேசுது. ஒரே வாரத்துல ஊரே கூப்புட ஆரம்பிச்சுடுச்சு.

ஒரு கட்டு வேலிக்காத்தான் விறகு முன்னாடி எத்தினி நாளு வந்துச்சோ, இப்ப அதுக்கு ரெண்டு பங்கு வருது. பொம்பளைங்க முள்ளு வெட்ட ஏரிக்கரைக்கு தெனம் போறதில்ல. தெருவுல கடைசி வூடு கிளியம்மா வூடு. என் வயசுதான், ஆனா இருமி இருமி கெழவி மாதிரி ஆயிட்டா. அவ வூட்ல கட்டினப்ப ரொம்ப சந்தோஷப்பட்டா. பாவம், அடுப்பு கட்டின ஒரே வாரத்துல அவ மாமனாரு தவறிட்டாரு. வயசானவருதான், ரொம்ப நாளா படுக்கை. இருந்தாலும் எனக்கு மனசு கஷ்டமா பூட்டுச்சு.

தையில காஞ்சிபுரத்துலேர்ந்து ஆபீசரு வந்து பாப்பாராம். அடுப்பெல்லாம் எரிஞ்சுகினு இருந்தா சேரப்பணஞ்சேரி வரைக்கும் எல்லா ஊருக்கும் நான்தான்னு சேவிகா அம்மா சொல்லிச்சு.

குழாய சொவத்துலயும் உடலாம், வளைஞ்ச துண்டு ஒண்ணு வேணும். எதுக்குக் கேக்குற? என் வேலைய அங்கேர்ந்தே புடுங்கலாம்னு பாக்குறியா?

பாசமுள்ள மரகதம்

---

வால்பாறை
18-12-1985

அன்பு மரகதத்துக்கு, நாங்க எல்லாரும் நலம். பதிலு தாமசமாயிடுச்சு, கோச்சுக்காத. ஸ்டாம்பு வாங்க போஸ்டாபீசுக்கு எறங்கினா திரும்ப ஏறணுமே, அந்த சோம்பேறித்தனம்தான்.

மார்கழிக் குளிரு இங்க எலும்ப கடிக்குது. கொழுந்து கிள்ள போவாம கொஞ்ச நாளா லீவுல கீறேன். மேஸ்திரி நல்லவரு, ஒண்ணும் சொல்லல. வூட்ல சொம்மா குந்திகினு கீறதுக்கு ஒரு வேலை வேணாமா? அதனால அடுப்போட அளவ எழுதி அனுப்பு. தொளை எத்தினி வெரல் அகலம், சொவரு எத்தினி கனம், மண்ணுல எதெது எவ்ளோ கலக்கணும், எல்லாம். எட்டாங்கிளாஸ் படிக்கலனாலும் நானும் கை உள்ளவதான்.

முனியம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு.

பாஞ்சாலி

---

பிள்ளைப்பாக்கம்
27-1-1986

அக்கா, நீ நல்லா கீறியா? நான் நல்லா இல்ல. அளவெல்லாம் தனித்தாள்ல எழுதி இதோட வெச்சுகீறேன். ஆனா அந்த அளவுல கட்டினா வெளங்குமானு எனக்கே இப்ப சந்தேகம்.

பொங்கல் வரைக்கும் எல்லாம் ஷோக்காத்தான் இருந்துச்சு. போகிக்கு ஒவ்வொரு வூட்லயும் என் அடுப்ப எப்படி ஜோடிச்சு வெச்சாங்க தெரியுமா? புது சாணி, புது களிமண்ணு, வழுவழுனு மெழுகி, காவி பட்டை போட்டு, கோலம் இட்டு, மஞ்ச குங்குமம் வெச்சு. பாக்கறதுக்கே கண்ணு கொள்ளல. தெருவெல்லாம் சுத்தி சுத்தி பாத்துட்டு வந்தேன்.

பொங்கல் முடிஞ்ச கையோட புகை திரும்பி வந்துடுச்சுக்கா. ஒரு வூடு ரெண்டு வூடு இல்ல. ஊரு பூரா. குழாயில போவ வேண்டிய புகை மூஞ்சிக்கு நேரா வருது. ரெண்டாவது பானையில தண்ணி சுடக்கூட மாட்டேங்குது. குழாய எறக்கித் தட்டினேன், கரி கொஞ்சம் கொட்டிச்சு. ஆனாலும் புகை போவல. எங்க வூட்ல மாமியா பழைய அடுப்ப திரும்ப பத்த வெச்சுடுச்சு. வூட்டுக்காரரு இப்ப கொத்தனாரம்மானு கூப்புடறதே இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது.

இதவிட பெரிய பேஜாரு ஒண்ணு கீது. ஊருல ஒரே ஒரு அடுப்பு ஒண்டி மொத நாளு மாதிரி ஜோரா எரியுது. யார் வூட்டுதுனு நெனைக்கிற? கிளியம்மா வூட்டுது. சாவு வுழுந்த வூடு! ஒடனே ஆரம்பிச்சுட்டாளுங்க. "அது சாவு வூட்டுக்குன்னே பொறந்த அடுப்பு, நல்ல வூட்ல எரியாது, எரிஞ்சா ஆள கேக்கும்." எங்க எதிர் வூட்டு பாப்பம்மா நேத்து கடப்பாரைய எடுத்து தன் வூட்டு அடுப்ப ஒடைச்சுட்டா. நான் வாசல்ல நின்னு பாத்துகினே இருந்தேன்.

ஆபீசரு வர்றது மாசி மொத வாரத்துக்குத் தள்ளிப் போயி கீது. அதுக்குள்ள எத்தினி அடுப்பு மிச்சம் இருக்கும்னு தெரியல. சேவிகா அம்மாவும் வந்து பாத்துட்டு தலைய சொறியுது. "ட்ரெயினிங்குல நன்னாத்தானே எரிஞ்சுது"னு அதுக்கும் ஒரே கவலை.

நான் மண்ணத் தொட்டது தப்பாக்கா?

மரகதம்

---

வால்பாறை
5-2-1986

என் கண்ணு மரகதம், உன் கடுதாசி கெடச்ச அன்னிக்கே எழுதறேன். நாங்க நல்லா கீறோம். எழுத்து கோணலா கீதேனு பாக்காத, குளிருக்கு போத்திகினு படுத்துகினே எழுதறேன்.

மொதல்ல மூக்க தொடைச்சுக்கோ. நீ தொட்ட மண்ணு ஒண்ணும் கெட்டுப் போவல. மூணு மாசம் எரிஞ்ச அடுப்பு ஒரு நாள்ல சாபம் வாங்குமா? அடுப்புக்கு இன்னாடி தெரியும், யாரு செத்தாங்க யாரு பொறந்தாங்கனு?

உங்கூரு பொம்பளைங்க ஒரு விஷயத்த சரியா பாத்துகீறாங்க, அப்பால தப்பா பேசறாங்க. கிளியம்மா வூட்டு அடுப்பு ஒண்டி எரியுது. ஏன்? அவ மாமனாரு செத்து ஒரு வருஷம் ஆவல. இந்த வருஷம் அவளுக்கு பொங்கல் இல்ல. அப்போ பொங்கலுக்கு நீங்க எல்லாரும் சேர்ந்து செஞ்ச எதையோ அவ ஒருத்தி செய்யல. அது இன்னானு பாரு. எனக்கு இங்கேர்ந்து தெரியாது. நீ போயி அவ அடுப்புலயும் உன் அடுப்புலயும் கைய உட்டுப் பாரு.

நீ அடுத்த ஊருக்கு அடுப்பு கட்ட போறேன்னு எனக்கு எழுதணும். அத நான் படிக்கணும். போ.

அக்கா

---

பிள்ளைப்பாக்கம்
16-2-1986

எங்க அக்காவுக்கு, ஆயிரம் முத்தம். மாமாவுக்கு வணக்கம். நீங்க ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!

கண்டுபுட்ச்சுட்டேங்க்கா! நீ சொன்ன மாதிரியே கிளியம்மா வூட்டுக்கு ஓடினேன். மொதப் பானை வெக்கற குழிக்குள்ள கைய உட்டு, தொளை வழியா ரெண்டாவது குழிக்கு நீட்டினேன். தாராளமா போச்சு. அங்கேர்ந்து எங்க வூட்டுக்கு வந்து அதே மாதிரி உட்டேன். டக்குனு வளையல் இடிச்சு கை நின்னு போச்சு. தொளை சுருங்கிப் பூட்டு கீது! குழாயிக்குப் போற தொளையும் அப்படியே. நான் உட்டது தாராளமான தொளை, இப்ப பாத்தா எலிப் பொந்து.

எப்படினு கேளு. மெழுகினதுதான்! தெனம் காலையில அடுப்ப மெழுகறோம், வெள்ளிக்கிழமையில கொஞ்சம் கூடுதலா. அப்ப கை உள்ளயும் போயி ஒரு தடவு தடவிட்டு வரும். அது மெல்லிசுதான். ஆனா பொங்கலுக்கு? புது அடுப்பாச்சே, மொதப் பொங்கலாச்சேனு ஆசை ஆசையா, உள்ள வெளியனு பாக்காம அப்பி வெச்சிருக்காங்க. எவ பக்தியா மெழுகினாளோ அவ வூட்லதான் புகை அதிகம். எங்க மாமியா அப்பினது ஊருலயே ஒசத்தி. சுரண்டி எடுத்தா ஒரு சட்டி ரொம்புச்சு. அந்த சட்டிய பாத்துட்டு முனியம்மா மூஞ்சி போன போக்க நீ பாக்கணும்! "லட்சுமிக்குப் பூசினேன்டி, அவ மூக்கையா அடைச்சுட்டேன்?"னு கன்னத்துல போட்டுகிச்சு. கிளியம்மா வூட்ல பொங்கல் இல்ல, பூச்சும் இல்ல. அவ்ளோதான் ரகசியம்.

இனிமே மெழுகாதீங்கனு சொன்னா ஊரே என்ன அடிக்க வரும். எனக்கே மனசு கேக்காது. அதனால ஒரு வழி வெச்சேன். நல்லா மெழுகுங்க, கோலம் போடுங்க, கடைசியில வளையல் போட்ட கைய தொளைக்குள்ள உடுங்க. வளையல் இடிச்சா சுரண்டுங்க. இடிக்காம போனா அடுப்பு சரி. அவ்ளோதான். எந்த பொம்பளைக்குப் புரியாது? இப்ப காலையில தெருவுல நடந்தா, வூட்டுக்கு வூடு அடுப்புக்குள்ள வளையல் சத்தம் கேக்குதுக்கா.

ஆபீசரு வந்தாரு, பாத்தாரு, திருப்தி. சேவிகா அம்மா என் கைய புட்ச்சிகினு, "எங்காத்துலயும் வெள்ளிக்கிழமை தவறாம மெழுகறோமேடி, நேக்குத் தோணலையே"னு சிரிச்சுது. இனிமே ட்ரெயினிங்குலயே இந்த வளையல் விஷயத்த சொல்லித் தரப் போவுதாம். பாப்பம்மாவுக்கு புது அடுப்பு கட்டிக் குடுத்துட்டேன். வாயால திட்டினேன், கையால கட்டினேன். பங்குனிலேர்ந்து சேரப்பணஞ்சேரி. வூட்டுக்காரரு சைக்கிள்ல கொண்டுபோயி உடறேன்னு சொல்லிகீறாரு, "ஏறுங்க கொத்தனாரம்மா"னு!

எல்லாம் உன் புத்தியாலதான். ஒடனே எழுது.

மரகதம்

---

பிள்ளைப்பாக்கம்
23-3-1986

அக்காவுக்கு மரகதம் எழுதறது. நாங்க நலம். உன்கிட்டேர்ந்து ஒரு மாசமா பதிலில்ல. அவ்ளோ பெரிய சந்தோஷ சேதி எழுதினேன், நீ ஒரு வரி எழுதலியே!

நேத்து கிளியம்மா ஏரிக்கரை மேட்டுல கொடத்தோட ஏறி வந்துகினு இருந்தா. நிக்காம ஏறினா. நான் அசந்து பூட்டேன். "இன்னாடி, உன் பனி போயிடுச்சா"னு கேட்டேன். அவ சிரிச்சுட்டு, "பனியாவது ஒண்ணாவது. மூச்சே வராது மரகதம். கேக்கறவங்களுக்கெல்லாம் பனி ஒத்துக்கலனு சொல்லுவேன். வூட்டுக்காரர தண்ணிக்கு அனுப்பிட்டு, ஆம்பளைக்கும் ஒடம்பு வளையட்டும்னு கிண்டல் பண்ணுவேன். சொன்னா யாரு இன்னா பண்ணப் போறாங்க? இப்ப புகை இல்ல, நெஞ்சு லேசா கீது"னா.

வூட்டுக்கு ஓடி வந்து உன் கடுதாசிங்கள எடுத்துப் பாத்தேங்க்கா. அந்த வார்த்தைய நான் ஏற்கெனவே படிச்சிருக்கேன். நீ எழுதினதுதான் அது. பனி ஒத்துக்கல. ஆம்பளைக்கு ஒடம்பு வளையட்டும். வாசப்படியில முக்காலி. மேட்டுல ஏற சோம்பேறித்தனம். லீவு. படுத்துகினே எழுதறேன். நான் என் அடுப்பு, என் ஆபீசரு, என் அழுகைனு பக்கம் பக்கமா எழுதிகினு இருந்தேன். நீ எனக்கு யோசனை சொல்லிகினு அங்க மூச்சு வாங்கிகினு குந்தியிருந்தியா?

நெசத்த எழுது. இல்லனா மாமாவ எழுதச் சொல்லு. பயமா கீது எனக்கு.

மரகதம்

---

வால்பாறை
2-4-1986

அன்புள்ள மரகதத்திற்கு மாமா ரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தாண்டவராயன் மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

எழுதக் கூடாது என்று உன் அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். உன் கடிதம் வந்தபிறகு நான் அந்த சத்தியத்தை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ஐப்பசியிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு. டாக்டர் மருந்து கொடுக்கிறார். மருந்து சாப்பிட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறாள். அடுப்பு பற்றவைத்தால் மறுபடியும் வந்துவிடுகிறது. புகையை விட்டு விலகி இருந்தால் சரியாகிவிடும், நெஞ்சு இன்னும் கெட்டுப்போகவில்லை என்று சொல்கிறார். ஒரே அறையில் எப்படி விலகுவது? நான் சமைத்தாலும் அவள் அங்கேதானே படுக்க வேண்டும்.

நீ அனுப்பிய அளவை வைத்துக்கொண்டு அவளே கட்டப் பார்த்தாள். நான் பாக்டரியில் இருந்த நேரம். மண்ணை மிதித்து, அடிப்பாகம் வரைக்கும் எழுப்பிவிட்டு, மூச்சு முட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாதி அடுப்பு மூலையில் நிற்கிறது. நான் முடிக்கிறேன் என்றால், உங்களுக்கு வராது, தொடாதீர்கள் என்கிறாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேலைய உட்டுட்டு ஓடியாந்துடுவா. அவ கையில இப்பத்தான் ஒண்ணு கெடச்சுகீது" என்றாள். மாசியில் வந்த உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறாள். பதில் எழுத இரண்டு தடவை உட்கார்ந்தாள், முடியவில்லை.

இப்படிக்கு
ரத்தினம்

---

பிள்ளைப்பாக்கம்
9-4-1986

அக்கா, இந்தக் கடுதாசில நலம் விசாரிக்கப் போறதில்ல. நேர்ல வந்து விசாரிக்கிறேன். உன்ன திட்டறதுக்கு நெறைய சேத்து வெச்சுகீறேன், அதையும் நேர்லயே வெச்சுக்கலாம்.

நானும் வூட்டுக்காரரும் வர வெள்ளிக்கிழமை பொறப்படறோம். மெட்ராஸ்ல ரயிலு, கோயம்புத்தூர்ல எறங்கி பொள்ளாச்சி, அங்கேர்ந்து மலை பஸ்ஸு. குழாயும் வளைஞ்ச துண்டும் பொள்ளாச்சியிலேயே கெடைக்குமாம், சேவிகா அம்மா கடைப் பேரு விசாரிச்சு எழுதிக் குடுத்துது. வேலைய உட்டுட்டு வரலக்கா. சேரப்பணஞ்சேரி அடுப்புங்க ஒரு மாசம் காத்துகினு இருக்கும்னு அந்தம்மாவே சொல்லிடுச்சு. "மொதல்ல உன் அக்காவாத்துக்குப் போயி கட்டிட்டு வா, அதுவும் நம்ம கணக்குதான்"னு சொல்லிச்சு. மாமியா உனக்குனு கேழ்வரகு மாவு கட்டிகினு கீது. முறுக்கும் கீது.

மாமா எஸ்டேட் ஆபீசுல சொல்லி சொவத்துல ஒரு தொளைக்கு உத்தரவு வாங்கி வெக்கட்டும்.

அந்தப் பாதி அடுப்ப ஒடைச்சுடாத. நீ எழுப்பினது அப்படியே இருக்கட்டும். மீதிய நான் அதுக்கு மேலதான் கட்டுவேன்.

வரேன்.
மரகதம்

---

வால்பாறை
17-8-1986

அன்புள்ள கொத்தனாரம்மாவுக்கு பாஞ்சாலி எழுதறது. நான் நலம். இந்த தடவை நெசமாவே நலம். நீ சத்தியம் வாங்கிகினு போனியே, பொய்யி எழுதினா நாளைக்கு எனக்கு புள்ள பொறந்தா உன்ன பாக்க உட மாட்டேன்னு, அந்த பயத்துல ஒவ்வொரு வரியும் யோசிச்சு எழுதறேன். மூணாவது மாசமாமே! வூட்டுக்காரர இனிமே சைக்கிள மெதுவா ஓட்டச் சொல்லு. மண்ணு மிதிக்கறத வேற யாராவது செய்யட்டும், நீ நின்னுகினு அதிகாரம் பண்ணு. அது உனக்கு நல்லா வரும்.

இங்க ஆடி மழை கொட்டித் தீத்துது. ஜன்னலத் தொறக்காமத்தான் கீறோம். ஆனா வூட்ல புகை இல்ல. ஈர விறகா இருந்தாலும், ரெண்டாவது குழி ஓரமா அடுக்கி வெச்சா அந்தச் சூட்டுலயே காஞ்சுடுது, மறுநாளு நல்லா எரியுது. இத நீ சொல்லித் தரல, நானே கண்டுபுட்ச்சேன். உன் ட்ரெயினிங்குல சேத்துக்கோ. முக்காலி இப்ப வாசப்படியில இல்ல. உங்க மாமா அதுல குந்திகினு டீ குடிக்கிறாரு. ஆனி கடைசிலேர்ந்து நான் கொழுந்துக்குப் போறேன். மொத நாளு பாதி சரிவுல நின்னுட்டேன். இப்ப மேல வரைக்கும் போயிட்டுதான் நிக்கிறேன். இருமல் சுத்தமா போவல, அதையும் மறைக்காம எழுதிட்டேன். டாக்டரு போவும்னு சொல்லிகீறாரு.

எங்க லைன்ல இன்னும் நாலு வூட்ல கேட்டாங்க. ஆபீசுல உத்தரவு குடுத்துட்டாங்க. உங்க மாமாதான் கட்றாரு, நான் முக்காலி போட்டு குந்திகினு கத்துக் குடுக்கறேன். அவரு மண்ணு மிதிக்கறத பாக்க கூட்டம் கூடுது. எனக்கும் அவருக்கும் தெனம் சண்டை, தெனம் சிரிப்பு.

மரகதம், ஒண்ணு சொல்லணும். நீ அடுப்ப கட்டி முடிச்ச அன்னிக்கி, "அக்கா, நீயே கைய உட்டு பாரு"னு சொன்னே. நான் உட்டேன். வளையல் எதுலயும் இடிக்கல. இடிக்கறதுக்கு அது மணிக்கட்டுல நின்னாத்தானே? கைய நீட்டினவுடனே அத்தினியும் சரசரனு முழங்கைக்கு ஓடிப்போச்சு. மண்ணு சரியா கொழையலனு உன் வூட்டுக்காரர போட்டு திட்டினே. அப்பால, "உன் கை இப்போதைக்கு அளவுக்கு ஆவாது, பக்கத்து வூட்டு பொம்பளைய கூப்பிட்டு பாக்கச் சொல்லு"னு சொல்லிட்டு தண்ணி மொள்ற மாதிரி பின்னாடி போனே. அங்க நின்னு அழுதியே, எனக்குத் தெரியும்டி. அக்காவுக்குத் தெரியாதா?

அப்பலேர்ந்து வெள்ளிக்கிழமையில மெழுகினப்பறம் பக்கத்து வூட்டு பொம்பளைதான் வந்து கைய உட்டு பாத்துகினு இருந்தா. போன வெள்ளிக்கிழமை அவ ஊருக்குப் பூட்டா. சரி, நாமளே பாப்போம்னு கைய உட்டேன். பாதி வழியில டக்குனு நின்னுச்சு. வளையல் இடிச்சுது மரகதம்! மணிக்கட்டுலயே நின்னுகினு, சொவத்துல நல்லா இடிச்சுது. இன்னொரு தடவை உட்டேன். திரும்பவும் இடிச்சுது. வேகமா உட்டதுல ஒண்ணு ஒடைஞ்சே போச்சு. உங்க மாமா சத்தம் கேட்டு ஓடியாந்து பாத்தா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வளையல ஒடைச்சுட்டு நான் அடுப்புக்கு முன்னாடி குந்திகினு சிரிச்சுகினு கீறேன். அவருக்கு ஒண்ணும் புரியல. கைய நீட்டிக் காட்டினேன். புரிஞ்சுகிச்சு.

அப்பால தொளைய சுரண்டி சரி பண்ணிட்டேன். இப்ப அடுப்பு நல்லா எரியுது.

வளைகாப்புக்கு நான் வரேன். சுங்குவார்சத்திரத்துல பஸ்ஸவுட்டு எறங்கி உங்கூரு வரைக்கும் நடந்தே வருவேன், யாரும் எதிர்ல வர வேணாம். எனக்கு ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கி வெய்யி. பழைய அளவே போதும்.

உன் அக்கா
பாஞ்சாலி